கையும் கணக்கும்: ஆனி டிஃப்ராங்கோவின் தனிவழி

1990-களின் நடுவில் அமெரிக்க வணிகப் பத்திரிகைகளின் கண்ணில் ஆனி டிஃப்ராங்கோ என்ற ஃபோக் பாடகியின் பெயர் பட்டது. தானே எழுதி, தானே மெட்டமைத்து, அகூஸ்டிக் கிதாரை வைத்துக்கொண்டு பாடுகிறவர். பெரிய இசைக் கம்பெனி எதிலும் கையெழுத்துப் போடாதவர். வானொலியில் அவர் பாட்டு அபூர்வமாகத்தான் கேட்கும். அப்படிப்பட்டவருக்கு, விற்கும் ஒவ்வொரு ஆல்பத்துக்கும், அன்று உச்சத்தில் இருந்த ஹூட்டி அண்ட் த ப்ளோஃபிஷ் குழுவுக்குக் கிடைப்பதைவிட அதிகப் பணம் கிடைக்கிறது என்று கணக்குப் போட்டு எழுதினார்கள். 1997-ல் ‘மிஸ்.’ என்ற பெண்ணியப் பத்திரிகை, 21-ஆம் நூற்றாண்டுக்கான 21 பெண்ணியவாதிகளில் ஒருவராக அவரைத் தேர்ந்தெடுத்தது. அங்கும் இந்த வணிகச் சாதனையே முன்னால் நின்றது. டிஃப்ராங்கோ அந்தப் பத்திரிகைக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். நாளைக்கே நான் செத்துப்போனால் கல்லறையில் என் பெயரோடு கம்பெனித் தலைவி என்று பொறித்துவிடாதீர்கள், பாட்டு எழுதியவள், கதை சொன்னவள் என்று பொறியுங்கள் என்பது அதன் சாரம்.

கலை வேறு, காசு வேறு என்ற பழைய வாதத்துக்குச் சான்றாகவே பலரும் அந்தக் கடிதத்தைப் பார்க்கிறார்கள். அவருடைய வாழ்க்கையைத் தொடர்ந்து பார்க்கும்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் கிதார் வாசித்த விதத்துக்கும் அவர் கம்பெனி நடத்திய விதத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. இரைச்சல் மிகுந்த மதுக்கூடங்களில் கவனத்தை இழுத்துப் பிடிக்கப் பழகிய கை அது. அந்தக் கைதான் கேசட்டை விற்றது, கேசட் கம்பெனியானது, கம்பெனி பலருக்குச் சம்பளம் கொடுத்தது. பிறகு அத்தனை பேரின் பாரமும் அதே கையின் மேல் இறங்கியது. சுதந்திரமான இசைக்கலைஞர் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் நிலை அன்றாடத்தில் என்னவாக இருந்தது என்பதை இந்த ஒரு கையைப் பின்தொடர்ந்தே பார்த்துவிடலாம்.

டிஃப்ராங்கோ 1970-ல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் பிறந்தார். ஈரி ஏரிக்கரையில் தானியக் கிடங்குகளாலும் உருக்காலைகளாலும் வளர்ந்த ஊர் அது. 1959-ல் செயின்ட் லாரன்ஸ் கடல்வழி திறந்ததும் தானியக் கப்பல்கள் பஃபலோவில் நிற்காமலேயே அட்லாண்டிக்குக்குப் போகத் தொடங்கின. பக்கத்து லக்கவானாவில் பெத்லஹேம் ஸ்டீல் 1983-ல் உருக்கு உற்பத்தியை நிறுத்தியது. 1950-ல் சுமார் 5,80,000 பேர் வாழ்ந்த நகரத்தில் 1990-ல் மிஞ்சியவர்கள் 3,28,000 பேர். இந்த எண்களை இங்கே சொல்லக் காரணம் உண்டு. வாடகை மலிவான, வேலை அரிதான, வெளியூர்க்காரர்கள் பொருட்படுத்தாத ஊர் என்பதால்தான் பின்னால் ஒரு சிறு கம்பெனி அங்கே மூச்சுவிட முடிந்தது. நியூயார்க்கிலோ லாஸ் ஏஞ்சல்ஸிலோ அதே பணத்துக்கு அலுவலக அறைக்கு முன்பணம்கூடக் கட்டியிருக்க முடியாது.

ஒன்பது வயதில் மைக்கேல் மெல்ட்ரம் என்ற உள்ளூர்ப் பாடகரின் பழக்கம் அவருக்குக் கிடைத்தது. மெல்ட்ரம் அந்தச் சிறுமிக்குக் கிதார் கற்றுக்கொடுத்ததோடு, தான் பாடப்போகும் இடங்களுக்கெல்லாம் கூடவே அழைத்துப்போனார். வெளியூர்ப் பாடகர்களைப் பஃபலோவுக்கு வரவழைத்துக் கச்சேரி வைப்பதும் அவர் வழக்கம். வந்தவர்களில் சிலர் டிஃப்ராங்கோ வீட்டில் தங்கினார்கள். பிற்காலத்தில் புகழ்பெற்ற சுசான் வேகா அவர்களில் ஒருவர். பாட்டு எழுதுவது என்பது எங்கோ உயரத்தில் இருக்கும் ஆட்கள் செய்யும் காரியமாக அந்தப் பெண்ணுக்குத் தோன்ற வாய்ப்பே இல்லாமல் போனது இப்படித்தான். பெற்றோர் பிரிந்து அம்மா வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தபோது, பதினைந்து வயதில் சட்டப்படி பெற்றோர் பொறுப்பிலிருந்து விடுபட்டு அவர் பஃபலோவிலேயே தங்கிவிட்டார். அன்றிலிருந்து மதுக்கூடக் கச்சேரி அவருக்கு ஒரு வருமான வழி.

மதுக்கூடத்தில் பாடுவது என்றால் என்னவென்று கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். வந்தவர்கள் குடிக்க வந்தவர்கள். கண்ணாடிக் கோப்பைகளின் சத்தம், பில்லியர்ட்ஸ் மேசையில் பந்து மோதும் சத்தம், எல்லாவற்றுக்கும் மேலாகப் பேச்சு. அங்கே ஒற்றைக் கிதாரை மென்மையாக மீட்டினால் முதல் மேசையைத் தாண்டிக் கேட்காது. டிஃப்ராங்கோவின் வாசிப்பு இந்தச் சூழலுக்கு உடல் கொடுத்த பதில் என்றே நான் நினைக்கிறேன். வலது கை விரல்களில் ஒட்டு நகங்களைப் பொருத்தி, அவை பிய்ந்து போகாமல் மின்கம்பிக்குச் சுற்றும் கறுப்பு டேப்பை இறுகச் சுற்றிக்கொள்வார். அந்த நகங்களால் தந்தியைக் கொக்கிபோட்டு இழுத்துச் சட்டென்று விடும்போது, அது கிதாரின் கழுத்துப் பலகையில் மோதி ஒரு வெடிப்பொலி எழும். அடுத்த நொடியே உள்ளங்கை தந்திகளின் மேல் அழுந்தி நாதத்தைக் கொன்றுவிடும். பெருவிரல் கனத்த தந்திகளில் தாளத்தின் அடியை வைத்திருக்க, மற்ற விரல்கள் மெல்லிய தந்திகளில் எதிரடி போடும். மிருதங்கத்தின் தொப்பியும் வலந்தலையும் ஒரே ஆளிடம் பேசுவதைப்போல, தாளக்காரர் இல்லாமலே அங்கே தாளம் இருந்தது. நாதத்தைவிட நாதம் அறுபடும் இடம் அதிகம் காதில் விழும். கூட்டத்தின் சலசலப்பைக் கிழிக்கக்கூடியது தொடர்ந்து ஒலிக்கும் இனிமையைவிட இந்தத் திடீர் மௌனம்தான்.

இன்னொன்றும் உண்டு. அவர் பாட்டுக்குப் பாட்டு கிதாரின் சுருதி அமைப்பை மாற்றுகிறவர். ஆறு தந்திகளில் சிலவற்றைத் தளர்த்தி, சிலவற்றை முறுக்கி, அந்தப் பாட்டுக்கென ஓர் அமைப்பை உண்டாக்குவார். ஒற்றைக் கிதாரோடு மேடையில் நிற்கும் ஆளுக்கு இது நேரம் பிடிக்கும் வேலை. அந்த இடைவெளியில் அவர் பேசினார். ஊரைப் பற்றி, வழியில் பார்த்ததைப் பற்றி, கருக்கலைப்பு உரிமையைப் பற்றி, தன் அசட்டுத்தனங்களைப் பற்றி. பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவே கோடு அழிந்துபோனது. கச்சேரி முடியும்போது கேட்டவர்களுக்கு அவரைத் தெரிந்துவிட்டிருந்தது. உடனே அடுத்த கேள்வி வந்தது: இதை வீட்டுக்கு எடுத்துப்போக ஏதாவது வைத்திருக்கிறாயா?

1990-ல் வெளிவந்த முதல் ஆல்பம் அந்தக் கேள்விக்கான பதில். குரலும் கிதாரும் மட்டும். தன் பெயரையே தலைப்பாக வைத்து, ரைட்டியஸ் பேப் ரெக்கார்ட்ஸ் என்ற சொந்த முத்திரையில் கேசட்டாக வெளியிட்டார். கம்பெனி என்று சொல்வதற்கு அப்போது பெயரைத் தவிர ஒன்றும் இல்லை. காரின் பின்பெட்டியில் கேசட்டுகளைப் போட்டுக்கொண்டு கல்லூரி, காப்பிக் கடை, பெண்கள் நடத்தும் புத்தகக் கடை, கோடைகால ஃபோக் விழா என்று ஓட்டிக்கொண்டே இருந்தார். வாங்கியவர்கள் நண்பர்களுக்கு நகலெடுத்துக் கொடுத்தார்கள். பெரிய கம்பெனிகள் வீட்டு நகலெடுப்பைத் திருட்டு என்று கூப்பாடு போட்டுக்கொண்டிருந்த காலத்தில், இவருக்கு அந்த நகல்களே விளம்பரமாயின. நகல் கேட்ட பெண் அடுத்த முறை டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தாள்.

இதற்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. மோ ஆஷ் 1948-ல் தொடங்கிய ஃபோக்வேஸ் கம்பெனி, விற்குமா விற்காதா என்று பாராமல் ஃபோக் பாடகர்களான வூடி கத்ரியையும் லெட் பெல்லியையும் பதிவுசெய்து பட்டியலில் வைத்திருந்தது. பாடகி ஹோலி நியர் 1972-ல் ரெட்வுட் ரெக்கார்ட்ஸைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே பெண்கள் கூட்டாகச் சேர்ந்து ஒலிவியா ரெக்கார்ட்ஸை நிறுவினார்கள். பெண்களின் இசையைக் கடைகளுக்குக் கொண்டுசேர்க்க லேடிஸ்லிப்பர், கோல்டன்ராட் போன்ற விநியோக அமைப்புகளும் பிறந்தன. டிஃப்ராங்கோவின் கேசட்டுகள் முதலில் அந்த வழிகளில்தான் பயணப்பட்டன. தனி ஒருத்தியின் சாகசமாக இந்தக் கதையைச் சொல்லும்போது, அவருக்கு முன்னால் பதினைந்து இருபது ஆண்டுகள் பெண்கள் போட்டுவைத்த அந்தத் தடம் மறைந்துபோகிறது. அது நியாயமில்லை.

வணிகப் பத்திரிகைகளை வியக்கவைத்த கணக்குக்கு வருவோம். அதில் மந்திரம் ஏதும் இல்லை. பெரிய கம்பெனியில் சேரும் பாடகருக்கு முன்பணம் தரப்படும். அது கடன். பதிவுச் செலவும் காணொளிச் செலவில் ஒரு பங்கும் அவர் கணக்கிலேயே ஏறும். ஆல்பம் விற்றால் அவருக்கு ஒரு சிறு சதவீதம் உரிமைத்தொகை உண்டு; ஆனால் அது முதலில் கடனைக் கழிக்கப் போகும். கடன் முழுதும் தீர்ந்த பிறகும் பதிவின் மூலநாடா கம்பெனிக்கே சொந்தம். வீட்டுக்கடனைக் கட்டி முடித்தவருக்கு வீடு தராத வங்கி உலகில் வேறெங்கும் இருக்காது.

பாட்டு எழுதியவருக்கான தொகை இதிலிருந்து தனி. அமெரிக்கச் சட்டம் 1997-ல் ஒரு பாட்டுக்கு, ஒரு பிரதிக்கு, 6.95 சென்ட் என்று நிர்ணயித்திருந்தது. அதிலும் பெரிய கம்பெனிகளின் ஒப்பந்தங்களில் ஒரு ஷரத்து இருக்கும்: சொந்தப் பாட்டைப் பாடுகிறவருக்கு அந்தத் தொகையில் முக்கால் பங்குதான், அதுவும் பெரும்பாலும் பத்துப் பாட்டுக்கு மேல் கணக்கில் வராது. ஆக, பதினான்கு பாட்டு எழுதிச் சேர்த்தாலும் ஓர் ஆல்பத்துக்கு ஐம்பது சென்ட்டுக்குச் சற்று மேல். டிஃப்ராங்கோ எழுதியவர், பாடியவர், தயாரித்தவர், மூலநாடாவுக்கும் பதிப்புரிமைக்கும் சொந்தக்காரர், கம்பெனிக்கும் சொந்தக்காரர். மொத்த விலையில் அச்சுக்கூலி, விநியோகஸ்தர் பங்கு, அலுவலகச் சம்பளம் போக மீதி அவருடையது. கச்சேரி வாசலில் விற்றால் விநியோகஸ்தர் பங்கும் மிச்சம். ஒரு பிரதிக்கு அதிக லாபம் என்ற செய்தி அவ்வளவுதான். மற்றவர்களிடமிருந்து எவ்வளவு பிடுங்கப்படுகிறது என்பதைக் காட்டும் செய்தி அது. பத்திரிகைகள் அதை அவருடைய வியாபார சாமர்த்தியத்தின் கதையாக எழுதின.

இதே காலத்தில் வார்னர் கம்பெனியோடு மூலநாடா உரிமைக்காகச் சண்டையிட்டுக்கொண்டிருந்த பாடகர் பிரின்ஸ், கன்னத்தில் அடிமை என்று எழுதிக்கொண்டு மேடை ஏறினார். விற்பனையில் இருவருக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஆனால் தன் பாட்டு யாருடையது என்ற கேள்வியில் பிரின்ஸ் தேடிக்கொண்டிருந்த இடத்தில் பஃபலோப் பெண் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். 1999-ல் இருவரும் ஒருவர் ஆல்பத்தில் மற்றவர் பங்கெடுத்தார்கள். பிரின்ஸ் பாட்டில் இவர் கிதார், இவர் பாட்டில் பிரின்ஸ் குரல்.

கம்பெனியை நடத்தியவர் ஸ்காட் ஃபிஷர். சட்டம் படித்த பஃபலோக்காரர். டிஃப்ராங்கோவின் மேலாளராகி, பிறகு கம்பெனியின் தலைவரானார். இருவரும் எடுத்த ஒரு முடிவு எனக்கு முக்கியமாகப் படுகிறது. அச்சு வேலையை, சட்டை வேலையை, உறை வேலையைக் கூடியவரை பஃபலோ ஊர்க்காரர்களிடமே கொடுத்தார்கள். கட்டணமில்லாத ஒரு தொலைபேசி எண்ணை வாங்கினார்கள். எண் பலகையில் ஆங்கில எழுத்துகளாக வாசித்தால் ‘ஆன் ஹெர் ஓன்’ என்று வரும், தன்னந்தனியாக என்று பொருள். ஊர்ப்புறத்துப் பதினாறு வயதுப் பெண் கடைக்குப் போகாமல் அந்த எண்ணைக் கூப்பிட்டு ஆல்பம் வாங்கலாம். அந்த எண்ணே 2024-ல் அவரைப் பற்றிய ஓர் ஆவணப்படத்துக்குத் தலைப்பானது. ஆனால் கூப்பிட்டவர்களுக்குப் பதில் சொன்னவர்கள் சம்பளத்துக்கு வேலைசெய்த பஃபலோவாசிகள். தன்னந்தனியாக என்ற அந்த எண்ணுக்குப் பின்னால் ஓர் அலுவலகமே இருந்தது. அவர் வாங்கிய ஒரே கிராமி விருதும் பாட்டுக்கு அல்ல, 2003-ன் ‘எவால்வ்’ ஆல்பத்தின் உறை வடிவமைப்புக்கு. அதை அவரோடு பகிர்ந்துகொண்டவர் பஃபலோ வடிவமைப்பாளர் ப்ரையன் க்ரூனர்ட்.

1990-களில் ஏறக்குறைய ஆண்டுக்கு ஓர் ஆல்பம். இந்த வேகத்தைப் பலர் படைப்பூக்கத்தின் பெருக்கு என்று புகழ்கிறார்கள். ஓரளவு உண்மை. ஆனால் அந்த ஆல்பங்களை வரிசையாகக் கேட்டால் ஒரு குறையும் தெரியும். மேடையில் தீப்பொறி பறக்கும் பாட்டு, பதிவில் பலமுறை அவசரமாக, வறண்டு ஒலிக்கிறது. கச்சேரிகளுக்கு நடுவே கிடைத்த சில நாட்களில் பதிவுசெய்துவிட்டு மறுபடி சாலைக்குப் போகிறவரின் வேலை அது. சரியில்லை, இன்னும் ஆறு மாதம் எடுத்துக்கொள் என்று சொல்லப் பெரிய கம்பெனியில் ஒரு தயாரிப்பாளர் இருப்பார். அந்த ஆளை வேண்டாமென்றதால் வந்த இழப்பும் உண்டு. அவருடைய ஆதரவாளர்கள் இதை ஒப்புக்கொள்ளத் தயங்குகிறார்கள். நான் தயங்கவில்லை, ஏனென்றால் அவருடைய மிகச் சிறந்த ஆல்பம் எது என்பதை இதுவே விளக்குகிறது.

அது 1997-ல் வந்த ‘லிவிங் இன் க்ளிப்’. இரண்டு தட்டுகள், முழுக்க மேடைப் பதிவுகள். ஆண்டி ஸ்டோசான்ஸ்கியின் தாளம், சாரா லீயின் பேஸ் கிதார், நடுவில் டிஃப்ராங்கோ. சிரிப்பு, சுருதி சேர்க்கும் சத்தம், பாதியில் நின்று மறுபடி தொடங்கும் பாட்டு, கூட்டத்திலிருந்து கத்தும் குரல் எல்லாவற்றையும் உள்ளே வைத்திருக்கிறார்கள். முதல் ஆல்பத்தில் ஒற்றைக் கிதாரோடு ஒலித்த ‘போத் ஹேண்ட்ஸ்’ பாட்டு இதில் பஃபலோ ஃபில்ஹார்மானிக் இசைக்குழுவோடு வருகிறது. வாத்தியங்கள் கூடக்கூட, அந்த நகங்களின் வெடிப்பொலி மட்டும் அமுங்காமல் மேலே நிற்பதைக் கேட்கலாம். அமெரிக்காவில் தங்கச் சான்றிதழ் பெற்ற ஆல்பம் இது. அடுத்த ஆண்டின் ‘லிட்டில் பிளாஸ்டிக் கேசில்’ பில்போர்டு பட்டியலில் 22-ஆம் இடம் பிடித்தது. அந்த உயரத்தைப் பெரிய கம்பெனியின் விளம்பரப் பணம் இல்லாமல் எட்டியது எவ்வளவு அரிது என்பதை, அதே பட்டியலின் மற்ற பெயர்களைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். ‘32 ஃப்ளேவர்ஸ்’ என்ற அவருடைய பாட்டு வானொலியில் வெற்றிபெற்றதோ அலானா டேவிஸ் என்ற வேறொரு பாடகியின் குரலில், ஒரு பெரிய கம்பெனியின் வெளியீடாக.

நேரடி உறவுக்கு ஒரு விலை உண்டு. கேசட் வாங்கிய பெண்களில் பலருக்கு அவர் பாட்டுகள் வாழ்க்கையில் முதன்முதலாகக் கிடைத்த ஒப்புதல். இருபாலரையும் நேசிப்பதாக அவர் வெளிப்படையாகச் சொன்னவர். 1996-ல் ‘டைலேட்’ ஆல்பம் ஓர் ஆணின் மேல் கொண்ட காதலின் வலியைப் பாடியபோதும், 1998-ல் அவர் ஓர் ஆணை மணந்தபோதும், தங்களைக் கைவிட்டுவிட்டதாகச் சில ரசிகைகள் கோபப்பட்டார்கள். நடுவில் கம்பெனி என்ற சுவர் இருந்தால் இந்தக் கோபம் அலுவலக வாசலிலேயே நின்றுவிடும். இங்கே மேடைக்கே வந்தது.

2013 டிசம்பரில் இதைவிடப் பெரிதாக ஒன்று நடந்தது. பாட்டு எழுதுவோருக்கான ஒரு முகாமை லூசியானாவின் நாட்டோவே பண்ணை மாளிகையில் நடத்தப்போவதாக அறிவிப்பு வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முன் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்து உழைப்பைச் சுரண்டிய கரும்புப் பண்ணை அது. பின்னாளில் சுற்றுலா விடுதியாக்கப்பட்டிருந்தது. இனவெறிக்கு எதிராகப் பாடிவந்தவரிடமிருந்து இது வந்ததைக் கறுப்பினப் பெண்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். அவர் முகாமை ரத்துசெய்தார். ஆனால் அதை அறிவித்த அறிக்கை மன்னிப்புக் கேட்காமல் விளக்கம் சொன்னது, நெருப்பில் எண்ணெய் வார்த்தது. சில நாட்கள் கழித்து வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். கண்டனம் நியாயமானது. இடத்தின் பெயரைப் பார்த்ததும் யோசித்திருக்க வேண்டியவர் யோசிக்கவில்லை. நான் கவனிப்பது வேறொன்றையும்: இந்த விவகாரத்தில் பழியைத் தள்ளிவிட அவருக்கு மேலே யாரும் இல்லை. முகாமின் பெயரிலேயே அவருடைய கம்பெனியின் பெயர் பாதி இருந்தது.

கைக்குத் திரும்புவோம். ஆண்டின் பெரும்பகுதி சாலையில், இரவுக்கு இரவு இரண்டு மணி நேரம் தந்தியை அடித்து வாசித்த மணிக்கட்டுகள் 2005-ல் பழுதாயின. தசைநாண் அழற்சி. மாதக்கணக்கில் கச்சேரிகளை நிறுத்த வேண்டியிருந்தது. வேறொரு பாடகருக்கு இது மருத்துவச் செய்தி. இவருக்கோ கம்பெனியின் வரவு நின்றுபோகும் செய்தி. மேடைதான் விற்பனை மையம். கச்சேரி இல்லாத மாதத்தில் ஆல்பமும் குறைவாகத்தான் நகரும், அலுவலகச் சம்பளமோ மாதாமாதம் போகும்.

அந்த நேரத்தில்தான் கம்பெனியின் தோளில் ஒரு தேவாலயமும் இருந்தது. பஃபலோவின் டெலவேர் அவென்யூவில், கட்டடக்கலைஞர் ஜான் செல்கிர்க் 1870-களில் செம்மணற்கல்லால் எழுப்பிய மெதடிஸ்ட் தேவாலயம் அது. சபை கரைந்து, கட்டடம் பாழடைந்து, 1990-களில் கற்கள் பெயர்ந்து விழுந்ததும் நகர நிர்வாகம் இடிக்கப் பார்த்தது. ஃபிஷர் எதிர்த்துப் போராடினார். கடைசியில் கம்பெனியே பொறுப்பேற்றது. ஏறத்தாழ ஒரு கோடி டாலர் செலவான புதுப்பிப்பு அது. நிலத்தடி வெப்பத்தைக் கொண்டு கட்டடத்துக்குக் கதகதப்பூட்டும் அமைப்பு வைத்தார்கள். 2006-ல் திறந்து, பேப்வில் என்று பெயரிட்டார்கள். வழிபாட்டுக்கூடம் 1,200 பேர் நிற்கக்கூடிய கச்சேரி மண்டபமானது, ஹால்வால்ஸ் என்ற கலை மையம் ஒரு பகுதிக்குக் குடிவந்தது, கம்பெனி அலுவலகமும் அங்கேயே. ஊரைவிட்டு எல்லாரும் போய்க்கொண்டிருந்தபோது ஊரிலேயே பணத்தைப் போட்ட இந்தச் செயலை, அவர் எழுதிய எந்த அரசியல் பாட்டுக்கும் குறையாத அரசியலாக நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு கிதார்க்காரியின் மணிக்கட்டுக்கு அது பெரிய பாரம் என்பதும் உண்மை.

அந்தப் பாரத்திலிருந்து வெளியேற ஒரு வழி, மற்றவர்களின் இசையை வெளியிடுவது. 1996-லேயே தொடங்கியது அது. யூட்டா ஃபிலிப்ஸ் என்ற பழைய தொழிற்சங்கப் பாடகர் தன் மேடைப் பதிவு நாடாக்களைக் கட்டுக்கட்டாக அவருக்கு அனுப்பினார். டிஃப்ராங்கோ அவற்றிலிருந்து பாட்டுகளை விட்டுவிட்டுக் கதைகளை மட்டும் பொறுக்கி, அடியில் தாளமும் கிதாரும் இட்டு ‘த பாஸ்ட் டிடன்ட் கோ எனிவேர்’ என்ற ஆல்பமாக்கினார். சரக்கு ரயிலில் தொற்றிப் பயணித்த காலத்து மனிதரின் குரல் இருபது வயதுப் பெண்களின் காதில் விழுந்தது. நியூ ஸ்கூல் என்ற கல்லூரியில் தனக்குக் கவிதை கற்பித்த செக்கூ சுண்டியாட்டாவின் ஆல்பத்தை வெளியிட்டதும் இதே கம்பெனி. ஆண்ட்ரூ பேர்ட் என்ற இசைக்கலைஞர் வளர்ந்துவந்த நாட்களில் அவருடைய ஆல்பங்களையும் வெளியிட்டது.

இப்போது தொடங்கும் ஒருவர் இந்த வழியில் நடக்க முடியுமா? கேசட்டின் இடத்தில் இணையத்தில் ஓடவிட்டுக் கேட்கும் ஸ்ட்ரீமிங் வந்துவிட்டது. ஸ்பாட்டிஃபை 2024 முதல், பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் முறை கேட்கப்படாத பாட்டுக்கு உரிமைத்தொகையே கிடையாது என்று வைத்திருக்கிறது. முதல் கேசட்டை ஐந்நூறு பேருக்கு நேரில் விற்ற பாடகி அன்று அடுத்த ஊருக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு போக முடிந்தது. இன்று அந்த ஐந்நூறு பேரும் ஆளுக்கு ஒருமுறை கேட்டால் அவளுக்கு வருவது பூஜ்ஜியம். பேண்ட்கேம்ப் என்ற இணையதளத்தில் டிஜிட்டல் விற்பனைக்கு 15 சதவீதம்தான் பிடிக்கிறார்கள். அது பழைய கேசட் மேசைக்கு மிக அருகில் வரும் ஏற்பாடு. ஆனால் மேசைக்கு முன்னால் கூட்டத்தைக் கொண்டுவந்தது கைதான், கை மட்டும்தான், அந்தப் பகுதி மாறவில்லை.

2010-ல் ரைட்டியஸ் பேப் வெளியிட்ட ஓர் ஆல்பத்தோடு முடிக்கிறேன். வெர்மாண்ட் மாநிலத்தில் அனாயிஸ் மிட்செல் என்ற பாடகி, கிரேக்கப் புராணத்தின் ஆர்ஃபியஸ் கதையைப் பொருளாதார மந்தக் கால அமெரிக்காவில் வைத்து ஒரு பாட்டுநாடகம் எழுதி, ஊர் ஊராக எளிய முறையில் நடத்திக்கொண்டிருந்தார். ‘ஹேடிஸ்டவுன்’ என்று பெயர். பாதாளத்தைப் பற்றிய, இருபது பாட்டுள்ள, வானொலிக்கு ஒத்தே வராத சரக்கு. எந்த வணிகக் குழு இதற்குப் பணம் ஒதுக்கியிருக்கும்? ரைட்டியஸ் பேப் அதை ஆல்பமாகக் கொண்டுவந்தது. தயாரித்தவர் டிஃப்ராங்கோவோடு பேஸ் வாசித்துவந்த டாட் சிக்கஃபூஸ். பாதாளத்தின் அரசி பெர்சிஃபனியாகப் பாடியவர் டிஃப்ராங்கோவே. அந்த ஆல்பம் மேடை நாடகமாக வளர்ந்து 2019-ல் பிராட்வேயை அடைந்தது, சிறந்த இசைநாடகம் உட்பட எட்டு டோனி விருதுகளை வென்றது. சிக்கஃபூஸுக்கும் அதில் ஒன்று.

2024 பிப்ரவரியில் டிஃப்ராங்கோ பிராட்வே மேடையில் அதே பெர்சிஃபனியாக நடிக்க வந்தார். ஐம்பத்து மூன்று வயது. வாரத்துக்கு எட்டுக் காட்சி, வேறொருவர் எழுதிய பாட்டு, வேறொருவர் இயக்கம், கையில் கிதார் இல்லை, சம்பளம் வேறொருவர் கொடுக்கிறார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தன் கையால் பிறருக்குச் சம்பளம் கொடுத்தவர், தன் கம்பெனி யாரையும் கேட்காமல் ஒருமுறை துணிந்து வெளியிட்ட ஆல்பத்திலிருந்து வளர்ந்த நாடகத்தில், கூலிக்கு வேலைசெய்யும் பாடகியாக மாதக்கணக்கில் பாடினார்.